கேள்வி கேட்டால் மேசையைப் பார்க்கிறார்கள்: ஜப்பானியப் பல்கலைக்கழக வகுப்பில் ஆங்கிலம் பேசவைப்பது எப்படி?

கேள்வி: ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இந்த ஏப்ரலில் இருந்து பகுதிநேரமாக ஆங்கிலம் நடத்துகிறேன். பொருளாதாரம் படிக்கும் முதலாமாண்டு மாணவர்கள், 28 பேர். வாரம் ஒரு முறை 90 நிமிட வகுப்பு. வாசிக்கக் கொடுத்தால் அருமையாகச் செய்கிறார்கள். ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் மொத்த வகுப்பும் மேசையைப் பார்க்கிறது. நான்கு நான்கு பேராகப் பிரித்தாலும் இரண்டே நிமிடத்தில் பேச்சு தீர்ந்து, ஜப்பானிய மொழியில் அரட்டை தொடங்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தின் கலந்துரையாடல் கேள்விகள் எதற்கும் உதவவில்லை. என்ன மாதிரிப் பயிற்சிகள் கொடுக்கலாம்? (மதுரையிலிருந்து ஜப்பான் சென்ற ஓர் ஆசிரியை)

பதில்: மொத்த வகுப்பையும் பார்த்துக் கேள்வி கேட்பதை அடுத்த வாரமே நிறுத்திவிடுங்கள். ‘யாராவது சொல்லுங்களேன்’ என்றால் மதுரையில் முன்பெஞ்சிலிருந்து இரண்டு கையாவது எழும். ஜப்பானில் கை தூக்குபவர் இருபத்தேழு பேர் முன்னால் தன்னைத் தனியாக நிறுத்திக்கொள்கிறார். தப்பாகச் சொன்னால் சங்கடம். சரியாகச் சொன்னால் ‘இவன் பெரிய ஆள்’ என்ற பார்வை. ஜிம் கிங் என்ற ஆய்வாளர் ஜப்பானில் 9 பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகளில் உட்கார்ந்து, யார் எப்போது பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். மாணவர்கள் தாங்களாக முன்வந்து பேசியது வகுப்பு நேரத்தில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே உங்கள் வகுப்பில் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். உங்கள் மேல் அவர்களுக்கு வருத்தமும் இருக்காது.

அவர்கள் வந்த வழியையும் பாருங்கள். நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆறு ஆண்டு ஆங்கிலம். அதன் முடிவில் நுழைவுத் தேர்வு. 2021-ல் தொடங்கிய பொதுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு வாசிப்பு 100, கேட்டல் 100. பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. பேச்சையும் சோதிக்கும் தனியார் தேர்வுகளைச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் 2019 நவம்பரில் தள்ளிப்போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள், எந்த ஊரிலும். உங்கள் முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்வளம் உண்டு, இலக்கணம் உண்டு; அதை வாயில் போட்டுப் பழகிய நேரம்தான் இல்லை. அந்த நேரத்தை உங்கள் 90 நிமிடத்துக்குள் எவ்வளவு திணிக்க முடியும் என்பதே உங்கள் வேலை. கேள்வி எவ்வளவு சுவாரசியமானது என்பது இரண்டாம்பட்சம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால் அந்த மாணவர் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிக் கிசுகிசுப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல ஆசிரியர்களுக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் ஆரம்பப் புள்ளி. அவர்கள் திருட்டுத்தனமாகச் செய்வதை நீங்களே முறையாகக் கொடுத்துவிடுங்கள்: ஒரு நிமிடம் தனியாக யோசித்துக் குறிப்பு எழுத வேண்டும், அடுத்து ஜோடியாகப் பேச வேண்டும், அதன் பிறகுதான் நால்வர் குழு. நால்வர் குழுவுக்கு நேராகத் தாவுவதால்தான் உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. சொல்ல ஒன்றும் தயாராக இல்லாத நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

யார் தொடங்குவது என்பதிலேயே ஒரு நிமிடம் போகும். கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக உட்காரத் தயங்குகிற கூட்டம் மாதிரி, நால்வரும் ‘நீங்க முதல்ல’ என்று காத்திருப்பார்கள். இதை அவர்கள் முடிவுக்கு விடாதீர்கள். ஜன்கென் போடச் சொல்லுங்கள். கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டுதான். எதற்கெடுத்தாலும் ஜன்கென் போட்டுப் பழகியவர்கள் என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள், சிரிப்பும் வந்துவிடும். ‘இன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்தவர் தொடங்கட்டும்’ என்றும் சொல்லலாம். யார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கே நாலு வாக்கியம் ஆங்கிலம் செலவாகும்.

இனி பயிற்சிகள். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் 4-3-2 செய்யுங்கள். 1980களிலிருந்து மொழி ஆசிரியர்கள் பயன்படுத்தும் முறை இது. நியூசிலாந்தின் பால் நேஷன் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒருவர் ஒரு விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்கிறார். ஆள் மாறி, அதே விஷயத்தை வேறொருவரிடம் 3 நிமிடத்தில். மீண்டும் ஆள் மாறி 2 நிமிடத்தில். உங்கள் மாணவர்களுக்கு முதலில் 4 நிமிடம் தாங்காது. 2, ஒன்றரை, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, அவர்கள் செய்யும் ‘பைட்டோ’. பகுதிநேர வேலையை அப்படித்தான் சொல்வார்கள். முதல் சுற்றில் ‘ஐ... வொர்க்... எஎத்தோ... கன்வீனியன்ஸ் ஸ்டோர்’ என்று இழுத்தவர், மூன்றாம் சுற்றில் ‘ஐ வொர்க் அட் எ கன்வீனியன்ஸ் ஸ்டோர் நியர் தி ஸ்டேஷன், அண்ட் ஃப்ரைடே நைட் இஸ் தி வர்ஸ்ட்’ என்று ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்பீர்கள். கேட்பவர் புது ஆள் என்பதால் திரும்பச் சொல்வதில் செயற்கை இல்லை. நடுவே நீங்கள் நுழைந்து திருத்தாதீர்கள். மேசைகள் தரையில் பொருத்தப்பட்ட அறையானாலும் பரவாயில்லை: முன்வரிசை பின்னால் திரும்பட்டும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிசை மட்டும் ஓர் இருக்கை நகரட்டும்.

இதைச் செய்துவிட்டு நால்வர் குழுவுக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொருவரும் தன் விஷயத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் அங்கே உட்காருகிறார்.

தலைப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பாடப்புத்தகங்கள் அணுமின்சாரம், மரண தண்டனை, பாலினச் சமத்துவம் என்று எடுத்த எடுப்பிலேயே நீட்டும். தாய்மொழியிலேயே அந்நியர் முன் பேசத் தயங்குகிற விஷயத்தை இரண்டாம் மொழியில் கேட்டால் மௌனம்தான் பதில். தோற்றாலும் யாருக்கும் வலிக்காத சண்டையில் தொடங்குங்கள். ஜப்பானில் அதற்குத் தயாராக ஒன்று இருக்கிறது: மெய்ஜி நிறுவனத்தின் இரண்டு சாக்லேட் தின்பண்டங்கள். காளான் வடிவில் 1975-ல் வந்த ‘கினோகோ நோ யாமா’, மூங்கில் குருத்து வடிவில் 1979-ல் வந்த ‘தகேனோகோ நோ சாதோ’. எது உசத்தி என்று நாடே கட்சி கட்டும். நிறுவனமே வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. இரண்டிலும் ஒரு பெட்டி வாங்கிப் போய் மேசையில் வையுங்கள். காரணம் சொல்லாமல் யாரும் கட்சி சேரக் கூடாது என்பது மட்டும் விதி. (பிடிக்கவில்லை என்பவர் அரிசி பிஸ்கட் கட்சி தொடங்கலாம். வகுப்புக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார்.)

அடுத்த படியில் கருத்தைக் கேட்காதீர்கள்; முடிவைக் கேளுங்கள். ‘பேரிடர் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்பதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ‘இந்தப் பத்துப் பொருளில் ஐந்தை மட்டும் பையில் வையுங்கள், நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும்’ என்றால் அப்படி முடியாது. நிலநடுக்கத்துக்கான அவசரப் பையை ஜப்பானில் எல்லாருக்கும் தெரியும். 1923-ன் பெரும் கான்தோ நிலநடுக்க நாளான செப்டம்பர் 1 அங்கே பேரிடர்த் தடுப்பு நாள். பள்ளியில் ஒத்திகை பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். எனவே விஷயம் கைவசம் இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் தேடினால் போதும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் சேருங்கள். நால்வருக்கும் ஒரு குடும்பத்தைக் கொடுத்து, ஆளுக்கொரு துண்டு அட்டை கொடுங்கள். ஒருவர் அட்டையில்: பாட்டிக்கு 82 வயது, தினமும் ரத்த அழுத்த மாத்திரை, கனமான பொருள் தூக்க முடியாது. இன்னொருவரிடம்: எட்டு மாதக் குழந்தை. மூன்றாமவரிடம்: பூனை, நிவாரண முகாமில் விடுவார்களா என்று தெரியாது. நான்காமவரிடம்: அப்பா வெளியூரில், ஒரே கைப்பேசி. அட்டையை மற்றவரிடம் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். 1971-ல் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் அரோன்சன் தொடங்கிய ‘ஜிக்சா’ முறையின் சாரம் இதுதான்: தகவலைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வாயே திறக்காத மாணவரும் குழுவுக்குத் தேவைப்படுவார்.

நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும். ‘வாட்டர், நம்பர் ஒன்’ என்பார் ஒருவர். மூவரும் தலையாட்டுவார்கள். பேச்சு அங்கேயே படுத்துவிடும்போலத் தோன்றும். பாட்டி அட்டைக்காரர் தன் துண்டைக் குனிந்து பார்த்துவிட்டு, ‘பட்... கிராண்ட்மதர் கேனாட் கேரி’ என்பார். ‘ஹூ கேரி?’ ‘ஃபாதர்?’ ‘ஃபாதர் இஸ் நாட் ஹோம்!’ இந்த இடத்தில் நீங்கள் ஒரு தகவலை மட்டும் போட்டுவிட்டு நகருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், குறைந்தது 3 நாளுக்குத் தண்ணீர் சேமித்து வைக்கச் சொல்கிறது அரசு. நான்கு பேருக்கு 36 லிட்டர். எதைப் பையில் வைப்பது, எதை வீட்டில் விடுவது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இலக்கணம் பாதிதான் இருக்கும். பரவாயில்லை, விடுங்கள்.

‘ஐ அக்ரீ’ என்ற இன்னொரு சிக்கலும் வரும். முதலில் பேசியவர் சொன்னதற்கே எல்லாரும் ஒத்துப்போவார்கள். குழுவின் இணக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்ற பழக்கம். இதற்கு மருந்து, பேசுவதற்கு முன்பே தனித்தனியாகப் பேனாவில் பட்டியல் எழுதச் சொல்வது. பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள். எழுதிய பட்டியல்கள் நான்கும் வேறு வேறாகத்தான் இருக்கும். அந்த வேறுபாட்டை நீங்கள் உண்டாக்கவில்லை, காகிதம் காட்டிக்கொடுத்தது. அதோடு ‘மறுப்பவர்’ என்று ஒரு அட்டையும் கொடுங்கள். அட்டை சொல்லி மறுத்தால் அது அவருடைய மனத்தாங்கல் ஆகாது.

சொற்றொடர்களை அள்ளிக் கொட்டாதீர்கள். டோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகம் 2010-ல் முதலாமாண்டு மாணவர் அனைவருக்கும் ஆங்கிலக் கலந்துரையாடல் வகுப்பைக் கட்டாயமாக்கியது. வகுப்புக்கு எட்டுப் பேர் அளவில்தான். அங்கே வாரம் ஒரு பேச்சு வேலையை எடுத்து, அதற்கான சில வாக்கியங்களை மட்டும் பழக்கினார்கள். உங்களுக்கு 28 பேர் என்றாலும் முறை பொருந்தும். ஒரு வாரம் கருத்துக் கேட்பது, ஒரு வாரம் காரணம் கேட்பது, ஒரு வாரம் மரியாதையாக மறுப்பது. வாரத்துக்கு மூன்று வாக்கியம் போதும். முக்கியமாக, கேட்பவர் பேச வேண்டியதைப் பழக்குங்கள். ஜப்பானிய மொழியில் ‘ஹாய், ஹாய்’, ‘எஎ, ஹோன்தோ?’ என்று ஓயாமல் ‘ம்’ கொட்டுபவர்கள் ஆங்கிலத்துக்கு வந்ததும் சிலையாகிவிடுகிறார்கள். ‘ரியலி?’, ‘மீ டூ’, ‘லைக் வாட்?’ என்று மூன்றைப் பலகையில் எழுதிப்போட்டு, யார் பேசி முடித்தாலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் அடுத்தவர் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு ஐந்தாக நீள்வது பெரும்பாலும் இந்த ஒரு விதியால்தான்.

தமிழராக உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். மாணவர் ‘பாட்டியால் தூக்க முடியாத பையை’ என்ற இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது, மனத்துக்குள் அவர் வைத்திருக்கும் வரிசை உங்களுக்குத் தெரியும். ‘ஐ வுட் டேக் ... பிகாஸ் ...’ என்று எழுவாயும் வினையும் முன்னால் வைத்த சட்டகத்தைக் கொடுங்கள், மிச்சத்தை நிரப்பிக்கொள்வார். நீங்களும் ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்துப் பேசியவர்தான் என்பதையும் ஒரு நாள் சொல்லிவிடுங்கள். உங்களைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி, எது உண்மை எது பொய் என்று குழுவாகக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல ஆரம்ப வகுப்பு.

ஜப்பானிய மொழியில் அரட்டை அடிப்பதைத் தடை போட்டு நிறுத்த முடியாது. நேரம் ஒதுக்கிவிடுங்கள்: பேச்சுக்கு முன் ஒரு நிமிடம் ஜப்பானிய மொழியில் திட்டமிடலாம், டைமர் அடித்ததும் ஆங்கிலம். சொல் தெரியாவிட்டால் ‘ஹவ் டூ யூ சே’ போட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் ஜப்பானிய மொழியில் சொல்லலாம். ‘முடித்துவிட்டோம்’ என்று கை கட்டி உட்காரும் குழுவிலிருந்து ஒருவரை எழுப்பிப் பக்கத்துக் குழுவுக்கு அனுப்புங்கள். அந்தக் குழுவின் முடிவைக் கேட்டு வந்து சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர்களில் சிலர் தனித்துத் தெரியாமலிருக்கத் தங்கள் உச்சரிப்பையே மறைத்து, மற்றவர்களைப் போலப் பேசுவார்கள். ‘இவர் மாதிரிப் பேசுங்கள்’ என்று அவரைக் காட்டாதீர்கள். எந்தக் குழுவிலும் வாயே திறக்காதவர் இருந்தால் வகுப்பில் அழுத்தாமல் தனியாகக் கேளுங்கள்; தேவையென்றால் மாணவர் ஆலோசனை மையத்திடம் பேசுங்கள். காதலன், குடும்ப வருமானம் போன்ற சொந்த விஷயக் கேள்விகளை முதல் செமஸ்டரில் தொடவே வேண்டாம்.

மதிப்பெண்ணுக்கு ஜூலையில் நால்வர் குழுப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்; எட்டு நிமிடம் போதும். அதில் தான் பேசிய ஒரு நிமிடத்தை ஒவ்வொருவரும் அப்படியே எழுதி, தானே திருத்திக் கொண்டுவரட்டும். எழுத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பாதிப் பிழையை அவர்களே பிடித்துவிடுவார்கள். நீங்கள் மதிப்பெண் போடும்போது இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை கேள்வி கேட்டார், அடுத்தவர் சொன்னதை எடுத்து எத்தனை முறை பேசினார் என்று எண்ணுங்கள். எதை எண்ணப்போகிறீர்கள் என்பதை இந்த வாரமே பலகையில் எழுதிவிடுங்கள்.