தூண்டில் போடும் இடம் வருவதற்குள் கணவாய் ஏன் சாகிறது?

கேள்வி: அண்ணாச்சி, விடியக்காலையில் ஜிக் (கணவாய் பிடிக்கும் போலி இரைத் தூண்டில்) போட்டு உயிர் இரைக்காக எட்டுப் பத்து கணவாய் பிடித்து, ஐஸ் பெட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டி மோட்டாரும் போட்டுத்தான் வைக்கிறேன். ஒரு மணி நேரம் படகு ஓட்டிப் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) போய்ப் பார்த்தால் முக்கால்வாசி செத்து வெள்ளையாகக் கிடக்கிறது. அதே பெட்டியில் கீச்சான் மீன் மதியம் வரை துள்ளுகிறதே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கீச்சான் பிழைக்கிற தண்ணீரில் கணவாயும் பிழைக்கும் என்று நினைத்ததுதான் சிக்கல். கணவாய் மீன் என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது மீன் இல்லை, சங்குக்கும் சிப்பிக்கும் சொந்தம். அதன் இரத்தம் நீலம். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது, அந்த இரத்தம் மீனின் இரத்தம் அளவுக்கு ஆக்சிஜனைச் சுமக்காது. மூன்று இதயம் வைத்துக்கொண்டு, செவுளுக்கு இரண்டு உடம்புக்கு ஒன்று என்று ஓட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி நீந்துவதற்கே ஏகப்பட்ட சக்தி செலவாகும், கொஞ்சம் மூச்சு குறைந்தாலும் தாங்காது.

சரி, மோட்டார்தான் ஓடுகிறதே என்பீர்கள். மோட்டார் காற்றைக் கொடுக்கும், கழிவை எடுக்காது. கணவாய் தின்பதெல்லாம் மீனும் இறாலும், அதனால் அது வெளியே விடும் அம்மோனியாவும் அதிகம். பத்து கணவாயை ஒரு ஐஸ் பெட்டித் தண்ணீரில் அடைத்தால், காற்று எவ்வளவு ஊதினாலும் அரை மணி நேரத்தில் அவை தங்கள் கழிவிலேயே மூச்சு விட ஆரம்பித்துவிடும். முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு சாண் நீளக் கணவாய் ஒன்றுக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு, அறுபது லிட்டர் டிரம்முக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. உயிரோடு நான்கு இருந்தால் போதும், செத்த பத்தை வைத்து என்ன செய்வது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், மெதுவாக, ஓரமாக.

இன்னும் இரண்டு விஷயம் உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. ஒன்று மூலை. கணவாய் மிரண்டால் பின்பக்கமாகத்தான் பாயும், பெட்டிச் சுவரில் வால்முனை இடித்து இடித்துத் தோல் கிழியும், அப்புறம் பிழைக்காது. வட்ட டிரம்தான் அதற்கு ஏற்றது, உள்பக்கம் வழவழப்பாக இருக்கட்டும், மேலே மூடி இருக்கட்டும், வெயில் படக்கூடாது. இன்னொன்று மோட்டார்க் குழாயின் முனையில் மாட்டும் அந்தக் கல். அதிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வரும், மீனுக்கு நல்லது. கணவாயோ தண்ணீரை உடம்புக்குள் இழுத்து வெளியே தள்ளுகிற பிராணி, பொடிக் குமிழி உள்ளே போய்த் தங்கிவிட்டால் கீழே இறங்க முடியாமல் மிதந்து தத்தளிக்கும். கல்லைக் கழற்றிவிடுங்கள், பெரிய குமிழியாக வரட்டும்.

கேள்வி: டிரம்மில் விட்ட உடனே மை கக்கித் தண்ணீரே கறுப்பாகிவிடுகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், பாம்பன்)

பதில்: அதைக் கடலிலேயே கக்கவிடுங்கள். ஜிக்கில் மாட்டியதும் அவசரப்பட்டுத் தூக்காமல், படகோரம் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்துவைத்தால் ஒன்றிரண்டு தடவை பீய்ச்சிவிட்டு அடங்கும். அப்புறமும் நேரே டிரம்முக்குப் போகக்கூடாது, முதலில் ஒரு வாளி, மிச்ச மை அதில் போகட்டும், பிறகு வாளித் தண்ணீரை அப்படியே டிரம்மில் கொட்டாமல் கணவாயை மட்டும் மாற்றுங்கள். மை செவுளில் படிந்தால் மூச்சு அடைக்கும், அதனால் டிரம்மில் கறுப்பைப் பார்த்தால் யோசிக்காமல் முழுத் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது கையால் உடம்பைப் பிடிக்காதீர்கள். சிறு குவளையில் தண்ணீரோடு மொண்டு எடுப்பதே சரி. வலையில் அள்ளினால் முடிச்சு தோலை உரசும், காற்றில் தூக்கினால் உடம்புக்குள் காற்று ஏறும். ஜிக் முள் கணவாயின் கையில் மாட்டியிருந்தால் நன்றாகத் தாங்கும், உடம்பில் குத்தியதை உயிர் இரைக்கு ஒதுக்காமல் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீரைக் குளிரவைக்க ஐஸ் போடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: ஐஸை நேரே போடவே கூடாது. ஐஸ் என்பது நல்ல தண்ணீர், உப்பு குறைந்தால் கணவாய் தாங்காது, குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸாக இருந்தால் குளோரின் வேறு. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து, மூடியை இறுக்கி, பாட்டிலோடு மிதக்கவிடுங்கள். குளிர்ச்சிக்கு நிச்சயம் பலன் உண்டு. 30 டிகிரி கடல் தண்ணீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 20 டிகிரியில் அது 7 மில்லிகிராமைத் தாண்டும். அதற்காக ஒரேயடியாகக் குளிரவைத்தால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் போதும், அதுவும் மெல்ல மெல்ல.

கேள்வி: பேட்டரி பம்ப் வைத்து, கடல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி டிரம் செய்யப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன், செலவு பார்க்காமல் செய்யுங்கள். 12 வோல்ட் பம்ப், தண்ணீர் டிரம்மின் ஓரத்தைத் தடவியபடி உள்ளே வரட்டும், மேலே வழிந்தோடும் துளைக்கு வலை கட்டுங்கள். வேகம் மட்டும் அளவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுழலில் எதிர்த்து நீந்தி நீந்தியே சோர்ந்துபோகும்.

பித்தளை, செம்பு எதுவும் தண்ணீரில் படக்கூடாது. இதை நான் கணவாயைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் டிரம்முக்கு ஒரு பட்டறையில் பித்தளைக் குழாய் மாட்டிக் கொடுத்தார்கள், நானும் உறுதியாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். பம்ப் நன்றாக ஓடியது, மை இல்லை, நான்கே கணவாய். கிளம்பும்போது குனிந்து பார்த்தேன், செட்டை அலை அலையாக நெளிய அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன, உடம்பு கண்ணாடி மாதிரி, என் நிழல் பட்டதும் பழுப்புப் புள்ளிகள் விரிந்து விரிந்து சுருங்கின. கொஞ்ச தூரம் போனதும் புள்ளிகள் சுருங்கியபடியே நின்றுவிட்டன, உடம்பு பால் மாதிரி வெளுத்தது, ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்தது. அடுத்த தடவையும் அதே கதை. செம்பு கரைந்த தண்ணீர் கணவாய்க்கும் இறாலுக்கும் விஷம் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றியதும் அதே டிரம்மில் மதியம் தாண்டியும் உயிரோடு இருந்தன.

கேள்வி: இராத்திரி எல்.இ.டி. விளக்கு போட்டுத் தீவுப் பக்கம் பிடித்தால் ஏராளமாகக் கிடைக்குமாமே? (வாசகர், கீழக்கரை)

பதில்: கிடைக்கும், ஆனால் செய்யாதீர்கள். எல்.இ.டி. விளக்கு வைத்து மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடை செய்துவிட்டது. அந்த 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கடல்புல்லுக்கு இடையில் வெள்ளை விரல் விரலாகக் கொத்தாய்ச் சில கணவாய்கள் முட்டையிட்டு வைக்கும், அதை விட்டுவைத்தால்தான் அடுத்த வருஷம் நம் கையில் ஜிக் போட ஏதாவது இருக்கும், கணவாயின் ஆயுளே கிட்டத்தட்ட ஒரு வருஷம்தான்.

கேள்வி: திரெங்கானுவில் இரவு சோத்தோங் (மலாயில் கணவாய்) பிடிக்கப் போகிறோம். காலைவரை இரைக்கு வைத்திருக்க முடியுமா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: படகு நங்கூரத்தில் நிற்கும்வரை மிதக்கும் கூடையில் கடலிலேயே விட்டுவைப்பதுதான் நல்லது. கூடை வாய்க்கு மூடி, உள்ளே மெல்லிய வலை. படகு கிளம்பும்போது கூடையைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனால் எல்லாம் நைந்துவிடும், டிரம்முக்கு மாற்றிவிடுங்கள். ஒரே அளவுக் கணவாயாகப் பார்த்துப் போடுங்கள், பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

கேள்வி: முள்ளை எங்கே மாட்டினால் அதிக நேரம் நீந்தும்? செத்ததை எறிந்துவிடலாமா? (வாசகர், இராமேஸ்வரம்)

பதில்: வால்முனையில், செட்டைகள் சேரும் இடத்தில், மேலாக. தலையைக் குத்தினால் அந்த நிமிஷமே முடிந்தது. கடல் விரால், கலவா மாதிரி பெரிய வாய்க்காரர்களுக்கு ஒரு முள் போதும். பாறை மீனுக்குப் போடும்போது நான் சிறு தூண்டில் நரம்பில் இரண்டாவது முள்ளைத் தலைக்குப் பக்கத்தில் தொங்கவிடுவேன், உடம்பைத் துளைக்காமல்.

வெளுக்க ஆரம்பித்ததை உடனே எடுத்து இரு கண்ணுக்கு நடுவே ஊசியால் குத்திவிடுங்கள், அது படும் பாடும் குறையும், சதையும் கெட்டியாக இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸுக்குள் புதைத்து வையுங்கள், ஐஸ் தண்ணீர் மட்டும் உள்ளே போகக்கூடாது. அடிமட்டத்தில் இருக்கும் கலவாவுக்கு அதுவும் நல்ல இரைதான்.