பச்சப்புள்ளையே தாங்கிருச்சு, இவனுக்கு என்ன?

வணக்கம் அண்ணா,

மூணு மாசம் முன்னாடி என் பையனுக்கு (6 வயசு) அம்மை போட்டுச்சு. வேப்பிலை, இளநீர், தாளிக்காத சாப்பாடுன்னு எங்க அம்மா பாத்துக்கிட்டாங்க, ஒரு வாரத்துல எந்திரிச்சு விளையாடப் போயிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு என் தம்பிக்கு வந்துச்சு. 33 வயசு, ஜிம்முக்குப் போற உடம்பு. நாலாவது நாள் இருமல், மூச்சு வாங்குது. "பச்சப்புள்ளையே தாங்கிருச்சு, இவனுக்கு என்ன"ன்னு எல்லாரும் சொன்னோம், நானும்தான். அஞ்சாவது நாள் ராத்திரி நிமோனியான்னு ஐசியூல சேர்த்தோம். பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டான், ஆனா இன்னும் மாடி ஏறினா மூச்சு வாங்குது. குழந்தைக்கு லேசா வந்துட்டுப் போற நோய் பெரியவங்களை ஏன் இப்படி அடிக்குது? கொரோனா வந்தப்ப வயசானவங்களுக்குத்தான் ஆபத்துன்னாங்களே, அப்ப 33 எந்தக் கணக்குல வருது? என் வீட்டுக்காரருக்கும் அம்மை வந்ததில்லைன்னு நினைக்கிறேன். பயமா இருக்கு.

பேர் போட வேண்டாம்ணா. தேனி பக்கம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

தம்பி வீட்டுக்கு வந்துட்டான்ங்கற வரி வர்ற வரைக்கும் மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த "நானும்தான்"ங்கறதை மட்டும் உள்ள வச்சு புழுங்காதீங்க. எங்க வீட்டுலயும் இதேதான் நடந்துச்சு. நான் நாலாங்கிளாஸ் படிக்கறப்ப எனக்கு அம்மை, மூணு நாள் காய்ச்சல், அப்புறம் வெறும் அரிப்பு, அவ்வளவுதான். என்னைப் பாத்துக்கிட்ட எங்க அம்மாவுக்கு அடுத்து வந்துச்சு, அப்ப அவங்களுக்கு 31 வயசு, உடம்பு பூரா கொப்புளம், கண்ணைத் திறக்க முடியல, பன்னெண்டு நாள் பாயில கிடந்தாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி வாசல்ல நின்னுக்கிட்டே "சின்னவனுக்குப் பூ மாதிரி இறங்கிட்டா, உனக்கு ஏன்டி இப்படி"ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. ஆச்சி கேட்டதுதான் நீங்க கேக்கறதும்.

குழந்தைன்னா பலவீனம், வாலிபம்னா பலம், கிழவயசுல மறுபடி பலவீனம், இப்படித்தான் நாம எல்லாரும் மனசுல கணக்கு வச்சிருக்கோம். இதுல ரெண்டு முனையும் சரி. பொறந்து சில மாசம் வரைக்கும் ரொம்ப ஆபத்தான காலம்தான், கக்குவான் இருமல்ல சாகற குழந்தைங்கள்ல பெரும்பாலும் மூணு மாசம்கூட நிரம்பாததுங்க. நடுவுலதான் நம்ம கணக்கு தப்பாகுது. 5 வயசுலேர்ந்து 14 வரைக்கும், அந்த ஸ்கூல் போற வயசு இருக்கு பாருங்க, தொற்றுநோயைத் தாங்கறதுக்கு மனுஷ வாழ்க்கையில அதைவிட நல்ல வயசு கிடையாது. 2020ல ஜூடித் கிளின், பால் மாஸ்னு பிரிட்டன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 32 தொற்றுகளோட டேட்டாவை எடுத்து வயசு வாரியா அடுக்கிப் பாத்தாங்க. பெரும்பாலான நோய்கள்ல தீவிரம் ரொம்பக் குறைச்சலா இருந்தது ஸ்கூல் வயசுலதான். அது மறுபடி ஏற ஆரம்பிக்கறது 60லன்னு நினைப்போம், ஆனா பல நோய்கள்ல 20 வயசுலயே ஏற ஆரம்பிச்சுடுது. காசநோய் பாத்த பழைய டாக்டர்களுக்கு இது நல்லாத் தெரியும், கைக்குழந்தைக்கு வந்தா மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகும், ஸ்கூல் வயசுல பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், வயசுக்கு வர்ற சமயத்துல மறுபடி தலை தூக்கும்.

அப்ப உங்க பையன் நோயைத் தாங்கிக்கிட்டான்னா அவன் இருந்த வயசு அப்படி. அதை வச்சு தம்பிக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு முடிவு பண்ண வழியே இல்ல. சின்னம்மையில பெரியவங்க சாகற ஆபத்து சின்னப்பிள்ளைங்களைவிட 20 மடங்குக்கும் மேல. லட்சம் பேருக்குன்னு கணக்குப் போட்டா அப்பவும் சின்ன எண்ணிக்கைதான், பெரியவங்கள்லயும் பெரும்பாலானவங்க பிழைச்சுக்குவாங்க, ஆனா நுரையீரலுக்குள்ள இறங்கறது முக்கியமா பெரியவங்களுக்குத்தான், அதுலயும் சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் இன்னும் மோசம். இந்த விஷயத்துல ஜிம் உடம்பு கை கொடுக்காது. இன்னொண்ணும் இருக்கு, தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி குளிர் நாடுகள்ல பத்து வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாருக்கும் சின்னம்மை வந்து போயிடும். நம்மள மாதிரி வெப்ப நாட்டுல அப்படி இல்ல, நிறைய பேர் அது வராமலே வளந்துடறாங்க, அப்புறம் 20லயும் 30லயும் போய் மாட்டறாங்க, அதாவது சரியா அந்த மோசமான வயசுல.

ஏன் இப்படின்னா ஒரு பக்கம் நம்ம உடம்போட சொந்தப் படையே காரணம். மஞ்சக்காமாலைய எடுத்துக்கங்க, தண்ணி மூலமா வர்ற ஹெபடைட்டிஸ் ஏ. ஆறு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது வந்ததே தெரியாது, கண்ணுகூட மஞ்சளாகாது. அதே வைரஸ் பெரியவங்களுக்கு வந்தா பத்துல ஏழு பேருக்கு மேல காமாலையில படுத்துடுவாங்க. வைரஸ் நேரா ஈரலை அழிக்கறதைவிட, வைரஸ் புகுந்த ஈரல் செல்லை நம்ம இம்யூனிட்டி செல்களே தேடித் தேடி அடிக்கறதுலதான் சேதம் அதிகம். பெரியவங்க உடம்புல அந்த அடி பலமா விழுது.

கொரோனாவுக்கு வர்றேன். அது சின்னம்மை மாதிரி இல்ல, அங்க கோடு ஏறிக்கிட்டே போகும், ஏறக்குறைய ஆறேழு வயசு கூடும்போதெல்லாம் சாவு ஆபத்து ரெண்டு மடங்காகும். 2020 பிப்ரவரியில சீனா வெளியிட்ட முதல் பெரிய கணக்குல 44,672 நோயாளிங்க, 1,023 சாவு, மொத்தத்துல 2.3%. உலகம் பூரா அந்த 2.3ஐத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு, எனக்கு அப்பவே அது மேல கோவம், ஏன்னா அந்த நம்பர் யாரோட நம்பரும் இல்ல. 30கள்ல இருந்தவங்களுக்கு 0.2, 80 தாண்டினவங்களுக்கு 14.8. எழுபது மடங்குக்கு மேல வித்தியாசம் இருக்கற ரெண்டு பேரைக் கூட்டி சராசரி போட்டு ஒரே நம்பரா கொடுத்தா கிழவனார் அசட்டையா இருந்துடுவாரு, பேரன் தேவைக்கு மேல பயந்துடுவான். அடுத்த மாசமே இத்தாலியோட சராசரி சீனாவைவிட ரொம்ப மேல போச்சு. இத்தாலி ஆஸ்பத்திரியெல்லாம் சரியில்லையான்னு கேட்டாங்க. மார்ச் ஆரம்பத்துக் கணக்கை வயசு வாரியா பிரிச்சா ஒவ்வொரு வயசுலயும் இத்தாலி சீனாவைவிட குறைச்சலாவோ சமமாவோதான் இருந்துச்சு, அங்க நோய் வந்தவங்கள்ல கிழவங்க அதிகம், அவ்வளவுதான் விஷயம்.

நம்ம பக்கத்துக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டுலயும் ஆந்திராவுலயும் நோயாளிங்களோட தொடர்புல இருந்த அஞ்சே முக்கால் லட்சம் பேரைத் தேடிப்பிடிச்சு எடுத்த டேட்டா 2020 செப்டம்பர்ல வந்துச்சு, நோய் உறுதியானவங்கள்ல செத்தது 5லேர்ந்து 17 வயசுல 0.05%, 85க்கு மேல 16.6%. இதுலயும் பாருங்க, அடிமட்டம் எதுன்னா ஸ்கூல் வயசுதான்.

ஆனா எல்லா நோயும் கிழவங்களைத்தான் தேடிப் போகும்னும் நினைச்சுடாதீங்க. 1918 இன்ஃப்ளூயன்சாவுல நடந்தது நேர்மாறு. சாதாரண வருஷத்து ஃப்ளூவை கோடா வரைஞ்சா குழந்தைங்க பக்கமும் கிழவங்க பக்கமும் தூக்கி நடுவுல பள்ளமா இருக்கும். 1918ல அந்தப் பள்ளத்துக்கு நடுவுல ஒரு மலை எந்திரிச்சுது, 20லேர்ந்து 40 வரைக்கும், உச்சி கிட்டத்தட்ட 28 வயசுல. கைக்குழந்தைக்காரி, சம்பாதிக்கற ஆம்பள, இவங்கதான் போனாங்க. இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல. 1911க்கும் 1921க்கும் நடுவுலதான் நம்ம நாட்டு ஜனத்தொகை சென்சஸ்ல குறைஞ்சது, அப்படிக் குறைஞ்ச ஒரே பத்து வருஷம் அது. 28ல ஏன் உச்சின்னா, அவங்க பொறந்தது 1889-90 பெருந்தொற்று சமயத்துல, சின்ன வயசுல முதல்ல சந்திச்ச கிருமி வேற ஜாதிங்கறதால உடம்பு தப்பான எதிரிக்குப் பழகிடுச்சுன்னு ஒரு விளக்கம் இருக்கு. எனக்கு அது ஏத்துக்கற மாதிரி இருக்கு. கிழவங்க அதுக்கும் முன்னாடியே 1918 கிருமிக்குச் சொந்தக்காரனைப் பாத்திருப்பாங்கன்னு சொல்றாங்க.

வயசுன்னு நாம சொல்றதுக்குள்ள இந்தப் பழைய கதையும் ஒளிஞ்சிருக்கு தங்கச்சி. வடக்கு அட்லாண்டிக்ல ஃபேரோ தீவுகள்னு இருக்கு, 1846ல அங்க தட்டம்மை வந்துச்சு, இருந்ததே 7,782 பேர், அதுல 6,000 பேருக்கு வந்துடுச்சு. டென்மார்க்லேர்ந்து பீட்டர் பானும்னு ஒரு இளம் டாக்டர் போய் வீடு வீடா விசாரிச்சாரு. அதுக்கு முன்னாடி அங்க தட்டம்மை வந்தது 1781ல, 65 வருஷம் முன்னாடி. அப்ப வந்து பிழைச்ச கிழவங்க ஒருத்தருக்குக்கூட இந்தத் தடவை வரலைன்னு எழுதி வச்சாரு. வீட்டுல வாலிபனெல்லாம் படுத்துக் கிடக்க, எழுபது வயசுப் பாட்டி கஞ்சி வச்சுக் கொடுக்கற நிலைமை. உங்க அம்மா உங்க பையனைப் பாத்துக்கிட்டு அவங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருந்ததும் அதே காரணமாத்தான் இருக்கும், சின்ன வயசுல அவங்களுக்கு வந்திருக்கும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயம். முதல்ல மாமியார்கிட்ட கேளுங்க, சின்ன வயசுல அம்மை வாத்துச்சா, தலைக்குத் தண்ணி ஊத்தினாங்களான்னு, இதையெல்லாம் அம்மாக்கள் மறக்க மாட்டாங்க. சரியாத் தெரியலைன்னா ஒரு ரத்தப் பரிசோதனையில சின்னம்மையை எதிர்க்கற ஆன்டிபாடி இருக்கா இல்லையான்னு பாத்துடலாம். இல்லைன்னா பெரியவங்களுக்கு ரெண்டு ஊசி, நாலுலேர்ந்து எட்டு வாரம் இடைவெளி விட்டு. நம்ம அரசுத் திட்டத்துல சின்னம்மை ஊசி கிடையாது, காசு கொடுத்துத்தான் போட்டுக்கணும், எனக்கு இது ரொம்ப நாளா வருத்தம். உங்களுக்கே அம்மை வந்திருக்கான்னும் கேட்டு வைங்க, கர்ப்பமா இருந்தா இந்த ஊசி கூடாது. ஒருவேளை ஊசி போடறதுக்குள்ள அவருக்குக் கொப்புளம் வந்துட்டா வேப்பிலை வாசல்லயே இருக்கட்டும், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், எங்க அம்மாவுக்கும் சொருகினதுதான், ஆனா முதல் கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க, அசைக்ளோவிர் மாத்திரை அப்ப ஆரம்பிச்சாத்தான் நல்லாக் கேக்கும். தம்பியையும் நுரையீரல் டாக்டர்கிட்ட ஒரு தடவை திரும்பக் காட்டுங்க, ரெண்டு மாசத்துக்கு மேல ஆகியும் மாடி ஏற மூச்சு வாங்குதுன்னா சும்மா விடக்கூடாது. போயிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்க.