பாப்பாவுக்கு 'சிண்டரெல்லா' காட்டலாமுங்களா?

அம்முச்சி (அம்மாவைப் பெத்த பாட்டி) தவறி ரெண்டு மாசம்தான் ஆச்சு, ஆறு வயசுப் பாப்பாவுக்கு 2015ல வந்த டிஸ்னி 'சிண்டரெல்லா' படத்தைக் காட்டலாமான்னு கோபியிலிருந்து கேட்டிருந்தீங்க. காட்டுங்க, ஆனா தனியா உட்கார வைக்காதீங்க. ஆரம்பத்துலயே சிண்டரெல்லாவோட அம்மா நோயில இறந்துடறாங்க. அப்புறம் வெளியூர் போன அப்பாவும் தவறிட்ட சேதி வருது. அந்த இடத்துல பாப்பாவை மடியில வச்சுக்குங்க. அழுதா அழட்டும், டிவியை அமத்தீராதீங்க. அம்முச்சியைப் பத்திப் பேச நல்ல சமயமுங்க அது. பூசணிக்காய் வண்டியாகிறது, பல்லி சேவகனாகிறதெல்லாம் குழந்தைக்குக் கொண்டாட்டம். சித்தியா வர்ற கேட் பிளான்செட்டைப் பார்த்துச் சில பிள்ளைங்க பயப்படும். கடைசியில சிண்டரெல்லா அந்தச் சித்தியை மன்னிக்கிறா. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697ல வெளியிட்ட சிண்டரெல்லா கதையிலயும் சித்தி மகள்களான அக்காமாரை மன்னிச்சுருவா. ஜெர்மன்காரங்களான கிரிம் சகோதரர்கள் எழுதின சிண்டரெல்லா கதையை மட்டும் இப்பப் படிச்சுக் காட்டாதீங்க, புறாக்கள் அக்காமார் கண்ணைக் கொத்துற கட்டம் அதுல வருதுங்க.