மேடையில் சொல்லப்படாத பெயர்

கேள்வி: பல வருடங்களாகத் திருவிழாக் கச்சேரிக் குழுக்களுக்குப் பாட்டு எழுதித் தருகிறேன். மெட்டும் நானே போடுவேன். பாடுகிறவர்களுக்குக் கைதட்டல், சால்வை எல்லாம் கிடைக்கிறது. என் பெயரை மேடையில் சொல்வதுகூட இல்லை. "இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழுறே?" என்கிறார்கள் வீட்டில். நிறுத்திவிடலாமா அக்கா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தங்கச்சி. உங்களுக்குச் சின்டி வாக்கர் என்ற பாடலாசிரியையைப் பற்றிச் சொல்கிறேன்.

டெக்சாஸ்காரர். கன்ட்ரி என்று சொல்லும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் பாடிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தவர். 1940களின் தொடக்கத்தில் பெற்றோருடன் லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது, பெரிய பாடகர் பிங் கிராஸ்பியின் அலுவலகக் கட்டிடம் கண்ணில் பட்டது. காரை நிறுத்தச் சொல்லி நேரே உள்ளே போனார். கிராஸ்பியின் அண்ணனிடம் தன் பாட்டைப் பாடிக் காட்டினார்; கிராஸ்பி அதைப் பதிவும் செய்தார். என்ன துணிச்சல்! 1944ல் சின்டியே பாடிய ஓர் இசைத்தட்டு கன்ட்ரி பாட்டுகளின் பிரபல வரிசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது.

அப்புறம் அவர் மேடையை விட்டுவிட்டார், பாட்டை விடவில்லை. 1954ல் டெக்சாஸ் திரும்பி, மெஹேயா என்ற சிற்றூரில் அம்மாவோடு குடியேறினார். விடியற்காலையில் எழுந்து டைப்ரைட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். பியானோ வாசிக்கத் தெரிந்த அம்மா ஓரீ, பாட்டுக்கு உருவம் கொடுக்க உதவுவார். பல பத்தாண்டுகள் இப்படியே போயின. பாப் வில்ஸ் என்ற இசைக்குழுத் தலைவர் மட்டும் இவருடைய 50 பாட்டுகளுக்கு மேல் பதிவு செய்திருக்கிறார். 1962ல் ரே சார்ல்ஸ் பாடிய ஒன்று அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. 1966ல் ஜிம் ரீவ்ஸ் குரலில் ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பாடியவர்களைத் தெரிந்த அளவுக்கு எழுதியவரை ரசிகர்களுக்குத் தெரியாது. கன்ட்ரி இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்ததே 1997ல்தான். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிய வயது.

இந்த வாழ்க்கையில் சின்டியின் அம்மாவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புதுப்பாட்டைக் கேட்க வீட்டிலேயே ஓர் ஆள். உங்களுக்கு அது இல்லை. வீட்டில் கிடைக்காவிட்டால் வெளியே தேடுங்கள். தவில்காரரோ, பள்ளித் தோழியோ, எழுதின அன்றே பாடிக் காட்ட ஒருவர் போதும்.

ஆனால் ஒன்று: சின்டியின் பாட்டுகள் அவர் பெயரில்தான் வெளிவந்தன. உங்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே உங்கள் வருத்தம் முழுக்க நியாயம், அதை விழுங்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டையும் தேதி போட்டு எழுதி, போனில் பாடிப் பதிந்து வையுங்கள். பாட்டு ஒலிப்பதிவாக வெளிவந்தால் பாட்டு எழுதுவோருக்கும் இசையமைப்போருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்யுங்கள். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012ல் திருத்திய காப்புரிமைச் சட்டம் சொல்கிறது.

சீசன் தொடங்கும் முன்பே குழுத் தலைவரிடம் பேசிவிடுங்கள்: பாட்டு வேண்டுமென்றால், பாடும் முன் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். சம்மதிக்காத குழுவுக்கு இந்த வருடம் புதுப்பாட்டு கொடுக்காதீர்கள்.