மதிலுக்குக் கடன் எடுக்கலாம், முற்றத்துக்கு வேண்டாம்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடு மாமனார் காலத்தது. வீதிப்பக்க மதில் 60 அடி நீளம், 5 அடி உயரம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 9 அங்குலச் செங்கல் மதில். வேப்பமரத்தடியில் ஒரு 12 அடி, வீதிப்பக்கம் 3 அங்குலம் சாய்ந்து நிற்கிறது. மற்ற இடங்களில் கல்லுக்கு நடுவே சாந்து உதிர்கிறது. உள்ளே வளவு மண் வீதியை விட ஒன்றரை அடி உயரம். வாசலில் நாலு படியும் வெடித்துவிட்டன. 20க்கு 15 அடி சீமெந்து முற்றம் வீட்டுப்பக்கம் சரிந்து, மாரியில் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. ஒரு மேசன் மதிலை முழுக்க இடித்துப் புளொக் கல்லில் கட்ட 3,60,000, படிக்கு ரைல்ஸ் பதிக்க 75,000, முற்றத்துக்கு இன்ரலொக் கல் பதிக்க 2,50,000, மொத்தம் 6,85,000 ரூபாய் கேட்கிறார். பாதி முற்பணம் வேண்டுமாம். நாட்கூலி என்றால் மேசனுக்கு 4,500, கையாளுக்கு 3,000. வங்கியில் 6 இலட்சம் நிலையான வைப்பு உண்டு: 8 வீதம், ஜனவரியில் முதிரும். இப்போது முறித்தால் கழிந்த 5 மாதத்துக்கும் 5 வீதம்தான் தருவார்களாம். வைப்பை ஈடாக வைத்தால் 11 வீதத்தில் கடன். நகை அடைவு 15 வீதம். மகன் கட்டாரிலிருந்து அனுப்புவதில் மாதம் 25,000 மிஞ்சும். 74 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: பணம் எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால், எவ்வளவு எடுப்பது என்று பார்க்கவேண்டும். நீங்கள் எழுதிய மூன்று வேலையும் ஒரே அவசரம் கொண்டவை அல்ல. சாய்ந்த மதில் இந்த மாரியில் வீதியில் விழலாம்; பள்ளிக்குப் போகிற பிள்ளை அந்த நேரம் அவ்வழியே வராது என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். வெடித்த படியில் மாமியார் விழுந்தால் இடுப்பெலும்புச் செலவு படிச் செலவைப் பலமடங்கு தாண்டும். முற்றம் அப்படியல்ல. அது அடுத்த ஆண்டு வரை அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் வாசலுக்கு வருவதை ஒருநாள் வேலையில் நிறுத்தலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் மதில். 60 அடியையும் இடிக்கவேண்டிய தேவை நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரியவில்லை. 12 அடி சாய்ந்ததற்குக் காரணம் கல் பழுதானதல்ல. ஒன்றரை அடி உயர மண் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கிறது, தண்ணீர் வெளியேற ஓட்டை இல்லை, வேப்பம் வேர் வேறு அடியில் நெம்புகிறது. இந்தக் காரணங்களை விட்டுவிட்டுப் புளொக் கல்லில் புது மதில் கட்டினால் அதுவும் சில மாரியில் சாயும். 3,60,000 கொடுத்தும் நோய் அப்படியே இருக்கும். இன்னொன்று: வீதியோர மதிலை முழுதாக இடித்துக் கட்டும்போது வீதிக் கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே கட்டவேண்டும் என்ற கேள்வி வரும். 12 அடியை மட்டும் கட்டுவதானாலும் பிரதேச சபையில் ஒருமுறை கேட்டுவிட்டே கல்லில் கைவையுங்கள்.

அந்த 12 அடியைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் ஒரு நன்மை உண்டு: கல் உடையாமல் கழன்றுவரும், சுரண்டினால் திரும்பக் கட்டலாம். சீமெந்துச் சாந்து என்றால் கல்லோடு சேர்ந்தே உடையும். 60 சதுர அடி, 9 அங்குல மதிலுக்கு ஏறக்குறைய 650 கல் போகும். மூன்றில் இரண்டு பங்கு மீண்டால், இரு முனைத் தூண்களுக்கும் சேர்த்து 300 கல் புதிதாக வாங்கினால் போதும். அத்திவாரத்தை இரண்டடி ஆழம் வரை திறந்து பாருங்கள். பெரிய வேர் குறுக்கே போனால் வெட்டவேண்டாம். ஒருபக்க வேரைத் தறித்தால் வாடைக்காற்றில் மரமே மதிலில் விழும். வேருக்கு மேலே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, சிறு கொங்கிறீற் உத்தரம் போட்டு, அதன்மேல் கட்டலாம். கடற்கரைக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். அதனால் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கொங்கிறீற் இருக்கவேண்டும்.

புதுத் துண்டைப் பழைய மதிலுக்குள் பல்லுப் பல்லாகக் கோக்கத்தான் மேசன் விரும்புவார். பார்க்க அழகு, ஆனால் புது அத்திவாரம் கொஞ்சம் அமரும்போது அந்த இடத்திலேயே வெடிக்கும். இரண்டு முனையிலும் தூண் எழுப்பி, பழைய மதிலுக்கும் தூணுக்கும் இடையே அரை அங்குல நேர்கோட்டு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

உள்பக்க மண்ணை மதில் நெடுக ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, அந்த இடத்தை உடைந்த செங்கல், சல்லியால் நிரப்புங்கள். வீதி மட்டத்துக்குச் சற்று மேலே, ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் 12 துண்டு. ஒவ்வொன்றும் ஓரடி, மொத்தம் 12 அடிக் குழாய்தான். இவ்வளவு மலிவான பொருள் இந்த வேலையில் வேறில்லை. மேசனின் மதிப்பீட்டில் இது இல்லாமல் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மீதி 48 அடிக்குப் பொயின்ரிங், அதாவது கல்லுக்கு நடுவே பழைய சாந்தைச் சுரண்டிப் புதுச் சாந்து நிரப்புவது. இரண்டு பக்கமும் 480 சதுர அடி. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள்: இதற்குச் சாந்து ஏழு கனஅடிதான் போகும், அதாவது சீமெந்து ஒரு மூடை. செலவு முழுக்கக் கூலி. ஏமாறுகிற இடமும் அதுதான். நாட்கூலி என்றால் வேலை இழுபடும். கொந்தராத்து என்றால் பழைய சாந்தைச் சுரண்டாமல் மேலே கால் அங்குலம் பூசிவிட்டுப் போவார்கள். அடுத்த வெயிலிலேயே அது பொருக்காகக் கழலும். அதனால் சதுர அடிக்கு விலை பேசி, இரண்டு தவணையாகக் கொடுங்கள்: சுரண்டி முடித்ததும் பாதி, நிரப்பி முடித்ததும் பாதி. ஓர் ஆணியில் முக்கால் அங்குலத்துக்கு அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் வரை ஆணி இறங்காத கோட்டுக்குக் காசில்லை.

சாந்து சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. ‘சீமெந்து கூடினால் பலம்’ என்று 1க்கு 3 போட விடாதீர்கள். பழைய செங்கல்லை விடச் சாந்து இறுகினால், சுவருக்குள் இருக்கிற ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும். அதோடு வரும் உப்பு கல்லின் முகத்தைத் தோல் தோலாக உரிக்கும். கடலோரத்தில் இதை எங்கும் காணலாம். அதன்மேல் பெயின்ற் அடித்து மறைப்பது காசை இரண்டுதரம் எறிவது.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும், ஏற்றிவர அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்குங்கள். ஒரு கியூப் என்றால் 100 கனஅடி. வாகனப் பெட்டியின் நீள அகல உயரத்தை நீங்களே அளந்து பெருக்கிப் பாருங்கள். ஒரு போத்தலில் மூன்றிலொரு பங்கு மணல், கொஞ்சம் உப்பு, மேலே தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படியும் சேறு மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

மதிலின் தலையை மறக்கவேண்டாம். 60 அடிக்கும் மூன்று அங்குலத் தடிப்பில் ஓரடி அகலக் கொங்கிறீற் மூடி. இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டி, மழைத்தண்ணீர் மதிலில் வழியாமல் சொட்டிவிழ அடியில் ஒரு சொட்டுக்கோடு கீறி. இதற்கு மூன்று மூடை சீமெந்து. பத்தடிக்கு ஓரிடத்தில் வெட்டுவிடாவிட்டால் அது தானாக வெடித்துக்கொள்ளும். தலை திறந்த மதிலுக்குள் மழை நேரே இறங்கும்; பொயின்ரிங் காசு வீண்.

இப்போது படி. நீங்கள் உயரம் எழுதவில்லை, அளந்து பாருங்கள். ஒரு படி 5 அங்குலம், அடுத்தது 7 என்று இருந்தால் வெடிப்பை விட அதுதான் ஆபத்து. கால் முதற்படியின் உயரத்தை நினைவில் வைத்தே அடுத்ததைத் தேடும். எல்லாப் படியும் 6 அங்குல உயரம், 12 அங்குல மிதி, தண்ணீர் வடிய முன்னோக்கி மெல்லிய சரிவு. ரைல்ஸ் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். சீமெந்தைத் தும்புத்தடியால் கோடிழுத்துச் சொரசொரப்பாக விடலாம். மிச்சமாகும் காசில் ஒரு கைப்பிடி போடுங்கள், மாமியாருக்காக.

படியைக் கட்டுமுன் அடுத்த ஆண்டு வரப்போகிற முற்றத்தின் மட்டத்தை இன்றே சுவரில் கோடு போட்டு வையுங்கள். பழைய தரையின் மேலேயே 60 மில்லிமீற்றர் இன்ரலொக் கல்லும் 30 மில்லிமீற்றர் மணலும் போட்டால் முற்றம் மூன்றரை அங்குலம் உயரும். கீழ்ப்படி 6 அங்குலத்திலிருந்து இரண்டரையாகிவிடும். ஆறு மாதத்துக்கு முன் கட்டிய படியை உடைக்கவேண்டி வரும். எனவே முற்றம் போடும்போது பழைய தரையை உடைத்தெடுப்பதென்று இப்போதே முடிவுசெய்யுங்கள்.

இந்த ஆண்டு முற்றத்துக்குச் செய்யவேண்டியது, வீட்டுச் சுவர் ஓரமாக 20 அடிக்கும் ஆறு அங்குல அகலத்தில் தரையை வெட்டி ஒரு வாய்க்கால், அதன் வாயை வளவின் தாழ்ந்த பக்கம் திருப்புவது. ஒருநாள் வேலை.

கணக்குக்கு வருவோம். மேசன் 60 அடிக்கு 3,60,000 கேட்டால் ஓரடி 6,000. அதே விலையில் 12 அடி 72,000. பொயின்ரிங் ஒரு மேசனும் கையாளும் நாளுக்கு 40 சதுர அடிக்குச் சற்றுக் கூடச் செய்தால் 11 நாள்: 82,500. சதுர அடி விலை பேசும்போது இந்தத் தொகையையே அளவுகோலாக வையுங்கள். மதில் மூடி மூன்று நாள் 22,500, படி மூன்று நாள் 22,500. மொத்தம் 1,99,500. 2,50,000ஐ எல்லையாக வைத்தால், வாய்க்கால், மூடி, படி, பொயின்ரிங் பொருள், எதிர்பாராத வேர் எல்லாவற்றுக்கும் 50,500 கையில் இருக்கும்.

வைப்பை முறிக்கவேண்டாம். முறித்தால் 5 மாதத்துக்கு 20,000 வட்டிக்குப் பதில் 12,500 வரும். உடனடி நட்டம் 7,500. வைப்பின் மேல் 2,50,000 கடன் எடுத்தால், 11க்கும் 8க்கும் உள்ள 3 வீத இடைவெளிதான் உங்கள் உண்மைச் செலவு: ஜனவரி வரை 7 மாதத்துக்கு 4,375. கடன் 4,28,000க்கு மேல் போய் அந்தச் செலவு 7,500ஐத் தாண்டினால்தான் முறிப்பது இலாபம். முழு 6,85,000 வேலையையும் கையிலெடுத்திருந்தால் வைப்பை முறித்தும் காணாமல் நகையையும் தொட்டிருப்பீர்கள். நகை அடைவு இதே தொகைக்கு 7 மாதத்தில் 21,875 வட்டி கேட்கும், தவறினால் நகையும் போகும். அந்தக் கதவை மூடிவையுங்கள்.

மகன் பணத்தில் மாதம் 25,000 கட்டிவந்தால் மொத்த வட்டி 16,000 அளவிலிருந்து 11,200 அளவுக்கு இறங்கும். ஏழு தவணைக்குப் பின் மிஞ்சும் 75,000ஐ ஜனவரியில் வைப்பு முதிரும்போது அடைக்கலாம். 5,25,000 முதலும், வைப்பு வட்டியில் கடன் வட்டி போக மீதியும் உங்களிடமே நிற்கும். அதில் 3 இலட்சத்தை மாமியாரின் வைத்தியத்துக்கென்று ஒதுக்கி, திரும்ப வைப்பிலிடுங்கள்.

ஒரு சின்ன விடயம்: 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் பிடித்துவைத்தல் வரி கழிக்கிறார்கள். 48,000 வட்டியில் அது 4,800. உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்துக் கழிவை நிறுத்தலாம். பலர் கேட்பதுமில்லை, வங்கி தேடிவந்து சொல்வதுமில்லை.

பாதி முற்பணம் கொடுக்கவே கூடாது. பொருளை நீங்களே வாங்குங்கள். முற்பணம் கூலியில் பத்திலொன்று போதும். அளவு, சாந்துக் கலவை, தவணை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கச்சான் காற்றில் சாந்து ஒரு மணித்தியாலத்தில் காய்ந்து பொடியாகும். காலையிலும் நாலு மணிக்குப் பின்னும் பூசி, ஏழு நாள் ஈரச்சாக்குப் போடுவதைத் தாளிலேயே எழுதுங்கள். செப்டெம்பர் முடிவுக்குள் வேலை முடியட்டும். கூலியில் மேலும் பத்திலொன்றை நிறுத்திவைத்து, மார்கழியில் நல்ல மழை இரண்டு பெய்து, 12 குழாயிலும் தண்ணீர் வருவதைப் பார்த்தபின் கொடுங்கள்.

முற்றத்துக்கு மாசியில் மழை ஓய்ந்தபின் புதிதாக இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். 300 சதுர அடிக்கு அடியில் நாலு அங்குலக் கிரவல் இறுகியபின் சரியாக ஒரு கியூப். வாங்குவது ஒன்றேகால் கியூப். மணல் மூன்றிலொரு கியூப். வீட்டிலிருந்து வெளிப்பக்கம் 15 அடிக்கு மூன்று அங்குலச் சரிவு, நாலு பக்கமும் விளிம்புக் கல். இவை எழுதப்படாத மதிப்பீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளிவையுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிக்க நேரம் இருக்கும்.