கடல் தண்ணி ஒரு வாய் கூட வேணாம்

"இன்ஜின் நின்னு சின்ன படகுல கடல்ல மாட்டிக்கிட்டா, கடல் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சு சமாளிக்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. வேணாம் தம்பி. ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கு, அத வெளிய தள்ள நீங்க குடிச்சத விட அதிகமா தண்ணி உடம்புலேர்ந்து போயிரும், தாகம் இன்னும் ஏறும், கடைசில புத்தியே தடுமாறும்.

நான் பர்மால இருக்குற மோல்மேன் ஊர்க்காரன், மாமா அங்க மார்த்தபான் வளைகுடால மீன் புடிச்சவர். மே கடைசிலேர்ந்து அக்டோபர் வரைக்கும் மாட்டுனா மழை காப்பாத்தும்பார். தார்ப்பாய விரிச்சு நடுவுல குழி பண்ணி புடிக்கணும், ஆனா மொத மழைய கீழ ஊத்திருங்க, பாயில காஞ்ச உப்பு வெள்ளையா படிஞ்சிருக்கும், நாக்குல வச்சாலே தெரியும். நவம்பருக்கு மேல அங்க மழையும் கெடயாது, வடகிழக்கு காத்து கரைய விட்டு வெளிய தள்ளும், அதான் எனக்கு பயம்.

தண்ணி இல்லாதப்ப மீன நெறய திங்காதீங்க, அது செரிக்கவே தண்ணி வேணும். பகல்ல லொஞ்சிய, அதான் கைலிய, நனைச்சு போத்திக்கோங்க, பொழுது சாயுறதுக்குள்ள காய வைங்க. வாளிய கயித்துல கட்டி முன்பக்கமா கடல்ல போட்டா படகு அலைக்கு நேரா நிக்கும், லேசுல கவுறாது. படகு மெதக்குற வரைக்கும் அத விட்டு நீந்திப் போகாதீங்க.

சால்வடார் அல்வரெங்கான்னு ஒரு மீனவர் 2012 நவம்பர்ல மெக்சிகோலேர்ந்து கெளம்பி, கடல்ல தத்தளிச்சு, 2014 ஜனவரில பசிபிக் கடல்ல இருக்குற மார்ஷல் தீவுல கரை ஏறுனாரு. மழைத்தண்ணி, மீன், ஆமை, கடல்பறவைன்னு சாப்ட்டுதான் தாக்குப் புடிச்சாரு. கூட வந்த பையன் வழிலயே எறந்துட்டான்.