கோயிலுக்கு எதிரே மதுக்கடை: மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் கோயிலுக்கு எதிர்ச்சாரியில், நான்கு கடை தள்ளி, பீரும் விஸ்கியும் விற்கும் சில்லறைக் கடை வரப்போகிறது. பக்கத்துத் தெருவில் பள்ளிவாசலும் உண்டு. "சாமி இருக்கும் தெருவில் மது கூடாது" என்று மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டுகிறோம். ஊரில் இருக்கும் 50 மீட்டர் விதியைக் காட்டி நிறுத்த முடியுமா? கடைக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். – வாசகி, சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்

பதில்: ஊர் விதியை ஊரிலேயே விட்டுவிடுங்கள், அம்மா. வழிபாட்டுத் தலத்திலிருந்து நகர்ப்புறத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்பது தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு விதி. இங்கே யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையம் பார்க்கும். மது விற்க உரிமம் தருவது காவல்துறை. ஏற்கெனவே கடையாக இருந்த இடத்தில் இன்னொரு கடை வருவதால், நீங்கள் தட்ட வேண்டியது இரண்டாவது கதவை.

அங்கே "சாமிக்கு ஆகாது" என்ற வரி எடுபடாது. பொது ஒழுங்கும் அக்கம்பக்கத்தாருக்கு வரும் தொல்லையும்தான் எடைபோடப்படும். தவிர, மூலை மினிமார்ட்டில் பீர் விற்கிறதே, அர்ச்சனைத் தேங்காயையும் அங்கேதானே வாங்குகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆகவே கண்ணால் கண்டதை எழுதுங்கள். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் எத்தனை பேர் உட்கார்ந்து குடித்தார்கள், செருப்பு அடுக்கும் பலகையின் கீழ் எத்தனை காலிப் போத்தல்கள் கிடந்தன என்று தேதியோடு குறித்து வையுங்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவரும், எந்தக் கோயிலுக்கும் போகாத மாடிவீட்டுச் சீனப் பாட்டியும் அந்த மனுவில் கையெழுத்துப் போடுவார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதற்கும், வெளியே எடுத்துச் செல்ல மது விற்பதற்கும் தடை. 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. மீறினால் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உங்கள் தெரு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள்.

கையெழுத்துத் திரட்டுவதில் தவறில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் கடைக்காரரின் மதத்தையோ இனத்தையோ இழுத்து யாரும் ஒரு வரிகூடப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் விளையாட்டுக்குப் போட்டதல்ல.

கடையே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விற்பனை நேரத்தைக் குறைப்பது போன்ற நிபந்தனைகளோடு உரிமம் கொடுக்கும்படி கேட்பது நடக்கக்கூடிய காரியம். மனுவை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கொடுங்கள். கடைக்காரரிடமும் நேரில் ஒரு நகல் கொடுங்கள். குறிப்பேட்டை மட்டும் தூக்கி எறியாதீர்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வரும்போது அது வேண்டியிருக்கும்.